முகப்புக் கோலம்: வாசகர் கேள்வி, வாய்க்கு வந்த பதில்

‘ஃபோன் ஆன் ஆகும்போது வரும் படத்தை நாமே மாற்றலாம்’ என்று போன வாரம் ஒரு வரி எழுதித் தொலைத்தேன். தபால்பெட்டியும் வாட்ஸ்அப்பும் நிரம்பிவிட்டன. கவுனி அரிசி, கந்தரப்பம் சம்பந்தமாகக் கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளவும். பசி தாங்கும், ஃபோன் கேள்விக்காரர்கள் தாங்கமாட்டார்கள்.

கே: ஃபோனை ஆன் செய்தால் கம்பெனிக்காரன் பெயர்தான் கொட்டை எழுத்தில் வருகிறது. காசு கொடுத்தவன் நான். என் பெயர் வரக்கூடாதா?
— புது ஃபோன்காரர், தேவகோட்டை

ப: நியாயமான கேள்வி. நம் பக்கத்து வீடுகளில் முகப்பில் வீட்டுக்காரர் விலாசம்தான் இருக்கும். கட்டிய கொத்தனார் பெயரை யாரும் நெற்றியில் எழுதி வைத்ததில்லை. ஃபோன்காரர்கள் இந்த மரியாதையைத் தலைகீழாக்கிவிட்டார்கள்.

பழைய நோக்கியாவில் இந்த வம்பு இல்லை. ‘வெல்கம் நோட்’ என்று ஓர் இடம் விட்டிருந்தான். அங்கே உங்கள் பெயரை அடித்துவிட்டால், கைகள் பற்றிக்கொள்ளும் படத்தோடு அதுவும் வந்து நிற்கும். அந்தக் கம்பெனி ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொழிற்சாலை தொடங்கி 2014-இல் மூடிவிட்டுப் போனது. போகும்போது அந்த வெல்கம் நோட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது போலிருக்கிறது. ஆண்ட்ராய்டில் அந்த உரிமை ஒரு கோப்புக்குள் இருக்கிறது. கோப்பு ஒரு பூட்டுக்குள் இருக்கிறது. பூட்டுக்கு வருகிறேன்.

கே: லோகோ சுற்றுவதை நிறுத்திவிட்டால் ஃபோன் சீக்கிரம் ஆன் ஆகுமா?
— அவசரக்காரன், காரைக்குடி

ப: ஆகாது. வீட்டுக்கு வந்தவரை முகப்புத் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுக்கிறோம். உள்ளே இலை போடுகிறார்கள், குழம்பு இறங்குகிறது. மோரை நிறுத்தினால் குழம்பு சீக்கிரம் கொதிக்குமா?

அந்தச் சுற்றும் படம் தனியான ஒரு சின்ன புரோகிராம். ஆண்ட்ராய்டின் மற்ற வேலைகளெல்லாம் பின்னால் எழுந்திருக்கும்வரை திரையைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அதன் உத்தியோகம். உள்ளே எல்லாம் தயார் என்று சேதி வந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடும்.

கே: சுற்றி வளைக்காமல், எப்படிச் செய்வது என்று சொல்லவும்.
— பாலிடெக்னிக் மாணவர்கள் நால்வர், காரைக்குடி

ப: ‘பூட்அனிமேஷன்.ஜிப்’ என்று ஒரு கோப்பு. பெரும்பாலும் சிஸ்டம் பகுதியில் மீடியா என்ற ஃபோல்டரில் இருக்கும்; சில ஃபோன்களில் ப்ராடக்ட் பகுதியில். (ஃபோனுக்குள் எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து. தமிழில் பெயர் வைத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.) அதைப் பிரித்தால் மிரட்டுகிற மாதிரி ஒன்றும் இல்லை. பார்ட்0, பார்ட்1 என்று சில ஃபோல்டர்கள்; அவற்றுக்குள் 0000, 0001 என்று வரிசை எண் போட்ட பிஎன்ஜி படங்கள். கூடவே ‘டெஸ்க்.டிஎக்ஸ்டி’ என்று ஒரு துண்டுச்சீட்டு. சினிமாவே அந்தச் சீட்டில்தான் இருக்கிறது.

நான் செய்ததையே சொல்கிறேன். எங்கள் வீட்டில் பொங்கலுக்கு அப்பத்தா நடுவீட்டுக் கோலம் போடுவார். ஊறவைத்த பச்சரிசியை அரைத்து, மாவில் துணியை நனைத்து, விரல் வழியே இழுக்கும் கோலம். நான் ஸ்டூல் மேல் ஏறி நின்று ஒவ்வோர் இழைக்கும் ஒரு படம் எடுத்தேன். கை தெரியக்கூடாது என்பதற்காக இழைக்கு இழை கையை எடுக்கச் சொன்னேன். நாலாவது இழையில், “நான் கோலம் போடவா, கைய எடுக்கவா?” என்று கேட்டுவிட்டு அப்பத்தா அடுத்த அரைமணி நேரம் என்னோடு பேசவில்லை. ஆனால் கையை எடுத்தார். மொத்தம் 41 படம்.

சீட்டில் முதல் வரி: 720 1280 10. திரையின் அகலம், உயரம், விநாடிக்கு எத்தனை படம். இரண்டாவது வரி: பி 1 0 பார்ட்0. அதாவது 41 படத்தையும் ஒரே ஒரு தடவை ஓட்டு. நாலு விநாடியில் கோலம் தானாக விரிந்துவிடும். மூன்றாவது வரி: பி 0 0 பார்ட்1. இங்கே முதல் 0 என்றால் ‘ஃபோன் தயாராகும்வரை திரும்பத் திரும்ப’ என்று அர்த்தம். அந்த ஃபோல்டரில் கோலத்தின் நடுவே குத்துவிளக்குச் சுடர் ஆடுகிற 6 படம் மட்டும். சுடர் ஆடிக்கொண்டே இருக்கும், பார்ப்பவருக்குச் சலிக்காது.

கவனிக்க வேண்டியது இரண்டு. கடைசி வரி முடிந்ததும் ஒரு என்டர் தட்டுங்கள். தட்டாவிட்டால் ஃபோன் அந்த வரியை மதிக்கவே மதிக்காது. அடுத்தது, ஜிப் செய்யும்போது சுருக்கக்கூடாது. ‘ஸ்டோர்’ என்று ஒரு வகை உண்டு, அடுக்கி மட்டும் வைப்பது. வேட்டியை மடிக்காமல் கொடியில் போடுகிற மாதிரி. சுருக்கிக் கட்டினால் ஃபோன் பிரித்துப் பார்க்காது, கறுப்புத் திரைதான்.

இதை நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதல் தடவை வழக்கம்போல் சுருக்கிக் கட்டிப் போட்டேன். திரை இருண்டது. பதற்றத்தில் காத்திருந்து பார்க்காமல் ஒரு ரிப்பேர் கடைக்கு ஓடினேன். கடைப் பையன் ஒரு பார்வை பார்த்தான். “டிஸ்ப்ளே போச்சுண்ணே. காம்போவா மாத்தணும்” என்றான். விலை பேசிக்கொண்டிருக்கும்போதே ஃபோன் தன்பாட்டில் முழுசாக எழுந்து என் மனைவியின் மிஸ்டு கால் ஒன்பதைக் காட்டியது. படம்தான் வரவில்லை, ஃபோனுக்கு ஒன்றுமில்லை. பையன் அசரவில்லை. “லூஸ் கனெக்ஷனா இருந்திருக்கும்ணே, தட்டுனதுல சேந்துக்கிச்சு” என்றான். அவன் தட்டவே இல்லை.

கே: எங்கள் கல்யாண வீடியோவில் ஒரு நிமிஷத்தை அப்படியே சுற்றவிட முடியுமா?
— புதுமணத் தம்பதி, பள்ளத்தூர்

ப: விநாடிக்கு 30 படம், ஒரு நிமிஷத்துக்கு 1,800 படம். 1080-க்கு 2400 திரை என்றால், ஒரு புள்ளிக்கு 4 பைட் கணக்கில் விரித்தால் ஒரு படமே ஒரு கோடி பைட்டைத் தாண்டும். சுற்றிச் சுற்றி வருகிற பகுதியின் படங்களை ஃபோன் நினைவிலேயே வைத்துக்கொள்ளப் பார்க்கும். 1,800 கோடி! கல்யாணத்துக்கே அவ்வளவு ஆகியிருக்காது. தாலி முடிகிற அந்த இரண்டு விநாடி போதும். மற்றதெல்லாம் பந்திக் கூட்டம்தானே.

கே: காரைக்குடி மணி சாரின் மிருதங்கத்தோடு ஃபோன் ஆன் ஆக வேண்டும். தனி ஆவர்த்தனத்தை வைக்கலாமா?
— லய ரசிகர், செக்காலை

ப: சத்தம் வைக்க வழி இருக்கிறது. படங்கள் உள்ள ஃபோல்டரிலேயே ‘ஆடியோ.டபிள்யூஏவி’ என்று ஒரு கோப்பு போட்டால் பல ஃபோன்கள் வாசிக்கும். சில கம்பெனிகள் வாயைக் கட்டிவைத்திருக்கும்.

உங்கள் கேள்வியில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. சீட்டில் வரியின் முதல் எழுத்து ‘பி’ என்று போட்டேன் அல்லவா? அது, சபா செயலாளர் மேடையேறி மைக்கைப் பிடுங்குகிற வகை. ஃபோன் தயார் என்றதும் வாசிப்பு எந்த இடத்தில் இருந்தாலும் திரை இறங்கிவிடும். ‘பி’-க்குப் பதில் ‘சி’ என்று போட்டால், கோர்வை மூன்று தடவை வந்து சமத்தில் விழுகிறவரை திரை காத்திருக்கும். ஃபோன் எப்போதோ தயாராகியிருக்கும். நீங்கள்தான் வெளியே நிற்பீர்கள். 2023-இல் மறைந்த மகா வித்வானின் தனியை ‘சி’ போட்டு வைத்தால், ஆம்புலன்ஸுக்கு அழைக்க வேண்டிய நேரத்திலும் கண்ட நடை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டும். ஒரு மோரா போதும். அதையும் இரவு பஸ்ஸில் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள்.

விண்டோஸ் 95-க்கான தொடக்க ஒலியை பிரையன் ஈனோவிடம் கேட்டபோது மூன்றேகால் விநாடி போதும் என்றார்களாம். அதை ஆப்பிள் மேக்கில் உட்கார்ந்து செய்ததாக அவரே பின்னால் சொன்னார். எதிர்வீட்டு அம்மியில் அரைத்த மசாலா.

கே: ‘ரூட்’ செய்யாமல் இதெல்லாம் முடியாதா? ரூட் என்றால் என்ன?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோட்டையூர்

ப: ஐயா, வாடகைக்குக் குடியிருப்பவர் ஆணி அடிக்க வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். ஃபோனை விலைக்கு வாங்கியும் நாம் வாடகைக்காரர்கள்தான். ரூட் என்பது வீட்டுக்காரர் சாவி. அந்தச் சாவி கைக்கு வந்து ‘பூட்’ ஆகும் படத்தை மாற்ற, முதலில் ஃபோனை எழுப்பும் பூட்லோடரின் ‘பூட்டை’த் திறக்க வேண்டும். இந்தச் சிலேடை ஆங்கிலத்தில் வராது, தமிழுக்கு மட்டும் கிடைத்த லாபம். 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்கும் நம் கண்டாங்கிச் சேலைக்கும் சேர்ந்தாற்போல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்லோடர் பூட்டுக்குக் கிடைக்காது. அது எங்கள் ஊர்ப் பூட்டு என்று உரிமை கொண்டாட யாருக்கும் விருப்பமில்லை.

அந்தப் பூட்டைத் திறந்த கணமே ஃபோனில் உள்ள எல்லாம் அழிந்துபோகும். படம், பாட்டு, பேரன் பேசின முதல் வார்த்தை, எல்லாம். இது கோளாறு அல்ல, வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. திருடன் கையில் ஃபோன் சிக்கினால் பூட்டை உடைத்தாலும் உள்ளே வெறும் சுவர்தான் இருக்க வேண்டும் என்று. ஆகவே முதலில் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சயோமி மாதிரிக் கம்பெனிகள் அனுமதி கேட்டால் 168 மணி நேரம் காக்கவைத்த காலம் உண்டு. ஏழு நாளில் புத்தி தெளியட்டும் என்ற நல்லெண்ணமாகவும் இருக்கலாம். சாம்சங்கில் ‘நாக்ஸ்’ என்ற காவல். அதை மீறினால் சில்லுக்குள் ஒரு ஃப்யூஸ் எரியும். நம் எலக்ட்ரீஷியன் மாதிரி கம்பி சுற்றிச் சரிசெய்ய முடியாது. எரிந்தது எரிந்ததுதான்.

கே: சாவி கிடைத்தபின் பழைய கோப்பை அழித்துவிட்டுப் புதியதை வைத்தால் போதுமா?
— டைல்ஸ் தொழிலாளி, ஆத்தங்குடி

ப: உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன், நீங்கள்தான் சட்டென்று பிடித்துக்கொள்வீர்கள். ஆத்தங்குடிக் கல்லில் பூவேலை எங்கே இருக்கிறது? கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணச் சிமென்ட்டை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமென்ட்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து எடுத்தபின் பூவும் கல்லும் ஒன்று. பூ பிடிக்கவில்லை என்று சுரண்டினால் கல்லே போச்சு. வீட்டில் விசேஷம் என்றால் என்ன செய்கிறோம்? கல்லைப் பெயர்க்கிறோமா? மேலே ஜமுக்காளம் விரிக்கிறோம்.

பழைய ஆண்ட்ராய்டில் கல்லைப் பெயர்த்து வேறு கல் பதித்தார்கள். கோப்பை மாற்றி, 644 என்று அனுமதி எண் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆண்ட்ராய்டு 10-க்குப் பிறகு வந்த ஃபோன்களில் சிஸ்டம் பகுதியில் பெரும்பாலும் எழுதவே முடியாது. அதனால் ஜமுக்காள முறைதான். ‘மேஜிஸ்க்’ என்ற கருவி அதைத்தான் செய்கிறது: சிஸ்டத்தைத் தொடாமல், அதன் மேல் உங்கள் கோப்பை விரித்துக் காட்டுகிறது. வேண்டாமென்றால் சுருட்டிவிடலாம். 2016-இல் இதை வெளியிட்டவர் ஜான் வூ என்ற தைவான்காரர். 2021-இல் கூகுள் அவரை ஆண்ட்ராய்டு பாதுகாப்பு வேலைக்கே எடுத்துக்கொண்டது. மதில் ஏறத் தெரிந்தவனையே காவலுக்கு வைப்பது பழைய ஜமீன் தந்திரம்தான்.

கே: என் சாம்சங்கில் அந்த ஜிப் கோப்பையே காணோமே?
— சல்லடை போட்டுத் தேடியவர், கண்டனூர்

ப: அவர்கள் தனிச் சமையல். பூட்சாம்சங், ஷட்டவுன் என்று பெயரிட்டு, ‘க்யூஎம்ஜி’ என்ற தங்கள் சொந்த வடிவத்தில் வைத்திருப்பார்கள். 2020-இல் இந்தப் பட வடிவத்தைப் படிக்கிற இடத்தில் பெரிய ஓட்டை இருப்பதை கூகுளின் ‘ப்ராஜெக்ட் ஸீரோ’ ஆட்கள் கண்டுபிடித்தார்கள். 2014 கடைசியிலிருந்து விற்ற ஃபோன்களில் எல்லாம் அந்த ஓட்டை இருந்தது, பிறகு அடைத்துவிட்டார்கள். படம்தானே என்று எதையும் அலட்சியமாக உள்ளே விடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். மேஜிஸ்கில் போடச் சொல்லி முன்பின் தெரியாதவர் தரும் ரெடிமேட் அனிமேஷன் மாட்யூல்களுக்கும் இது பொருந்தும். அவை ரூட் அதிகாரத்தோடு உள்ளே வருகின்றன. பந்தல்காரனிடம் பீரோ சாவியைக் கொடுப்பீர்களா?

கே: முதலில் பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் வர வேண்டும். தப்பாகிவிட்டால் என்ன ஆகும்?
— பக்தை, திருப்பத்தூர்

ப: பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைக்கு ஃபோன் பாஷையில் ‘பூட்லூப்’ என்று பெயர். ஆன் ஆகும், பாதியில் மறுபடி ஆன் ஆகும், விடியும்வரை இதே. படத்தால் மட்டும் இது அபூர்வம்; ரூட் செய்யும்போது நடக்கிற தவறால்தான் பெரும்பாலும் வரும். ஃபோனின் பழைய ‘பூட் இமேஜ்’ கோப்பை (படம் அல்ல, ஃபோனைத் தொடங்கும் கோப்பு) கம்ப்யூட்டரில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மேஜிஸ்க் மாட்யூல் தகராறு செய்தால், படம் ஓடும்போது வால்யூம் குறைக்கும் பட்டனை அழுத்திப்பிடித்து சேஃப் மோடில் கொண்டுபோனால் மாட்யூல்கள் எல்லாம் அணைந்துவிடும். பெரும்பாலான ஃபோன்களில் இது பலிக்கும்.

பிள்ளையாருக்கும் முன்னால் கம்பெனி லோகோ ஒன்று அசையாமல் நிற்கும். அது ஆண்ட்ராய்டு எழுந்திருப்பதற்கும் முந்தியது, வேறு பகுதியில் இருப்பது. அதைத் தொடாதீர்கள், அங்கே தப்பு நடந்தால் சேஃப் மோடும் கிடையாது, சேப்பாக்கமும் கிடையாது. பூட்டைத் திறந்த ஃபோன் என்பதால் ‘இந்தக் கருவியை நம்ப முடியாது’ என்ற அர்த்தத்தில் ஓர் எச்சரிக்கையும் பல ஃபோன்களில் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் வரும். பிள்ளையாருக்கு முன்னால் அபசகுனமாக அதுதான் தரிசனம்.

கே: இந்த அனிமேஷன் பேட்டரியைத் தின்னுமா?
— சிக்கனம், புதுவயல்

ப: வாரத்துக்கு ஒருமுறை அரை நிமிஷம் ஓடுகிற படம் எவ்வளவு தின்னும்? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து நம் ஊருக்குக் கொண்டுவந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இங்கேதான் இருக்கிறது, பேட்டரி ஆராய்ச்சியும் அங்கே உண்டு. அவர்களைத் தொந்தரவு செய்ய இந்தக் கேள்வி போதாது. ரீல்ஸ் பார்ப்பதைக் குறையுங்கள்.

கே: படத்தை மாற்றும் பைத்தியம் இந்தத் தலைமுறைக்கு மட்டும்தானா?
— அப்பா, காளையார்கோவில்

ப: உங்கள் தலைமுறை யோக்கியமா என்ன? விண்டோஸ் 95, 98 காலத்தில் ‘லோகோ.சிஸ்’ என்ற கோப்பு பயங்கரமான சிஸ்டம் கோப்பு மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு இருந்தது. உள்ளே வெறும் பிஎம்பி படம், 320-க்கு 400. பெயிண்ட்டில் திறந்து ரஜினியை ஒட்டியவர்கள் இன்று தாத்தாக்கள். அணைக்கும்போது ‘இனி கம்ப்யூட்டரை நிறுத்தலாம்’ என்று ஆரஞ்சு நிறத்தில் வருமே, அதுவும் இன்னொரு படம்தான், ‘லோகோஸ்.சிஸ்’. அதை மாற்றி ‘கடை அடைப்பு’ என்று போட்டு வைத்த பிரவுசிங் சென்டரில் நானே உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தத் தொடக்கப் படத்தின் அடியில் நீலப் பட்டை ஓடிக்கொண்டே இருந்தது ஞாபகமா? அது ஓடவே இல்லை. புள்ளிகள் நின்ற இடத்தில் நிற்க, நிறங்களை மட்டும் சுழற்றினார்கள். கொப்புடையம்மன் திருவிழாவில் சீரியல் செட் போடுகிறார்களே, பல்பு எதுவும் நகர்வதில்லை, மயில் மட்டும் தோகை விரிக்கிறதல்லவா? அதே வித்தை.

கே: ஏ.வி.எம். எம்பளத்தை ஃபோன் தொடக்கத்தில் வைத்தால் எங்கள் ஊர்ப் பெருமை ஆகாதா?
— சினிமாப் பித்தர், தேவகோட்டை ரஸ்தா

ப: உங்கள் முகவரியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். கோடம்பாக்கம் போவதற்கு முன் மெய்யப்பச் செட்டியாரின் ஸ்டுடியோ இருந்தது உங்கள் பக்கத்தில்தான். 1947-இல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுத்தது. மறு வருஷம் ஸ்டுடியோ பட்டணம் போய்விட்டது. அந்த மூன்றெழுத்தும் சத்தமும் திரையில் வந்தால் கொட்டகையில் பீடியை அணைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார்கள். தமிழனுக்கு அதுதான் முதல் பூட் அனிமேஷன். வீட்டில் ரேடியோவைத் திருப்பினால் வால்டர் காஃப்மன் 1936-இல் அமைத்த ஆகாசவாணி முத்திரை இசை, அது வேறு.

எம்பளம் அவர்கள் சொத்து. உங்கள் ஃபோனில் உங்கள் கண்ணுக்கு மட்டும் என்றால் யாரும் வாசலில் வந்து நிற்கப்போவதில்லை. மாட்யூலாக்கி ஊருக்கெல்லாம் விநியோகித்தால் வக்கீல் நோட்டீஸ்தான் முதலில் ஆன் ஆகும்.

கே: ஃபோன் அணையும்போது என்ன படம் போடலாம்? ‘சுபம்’ என்று போடலாமா?
— அதே சினிமாப் பித்தரின் வீட்டுக்காரம்மா

ப: ஆச்சி, அதற்கும் ‘ஷட்டவுன்அனிமேஷன்.ஜிப்’ என்று தனிக் கோப்பு உண்டு; உள்ளே அதே சீட்டு, அதே ஃபோல்டர் கணக்கு. எல்லாக் கம்பெனியும் அதை மதிப்பதில்லை, வெறும் வட்டத்தைச் சுற்றவிட்டு அணைத்துவிடுவான். உங்கள் ஃபோன் மதித்தால் சின்னதாக வையுங்கள். ஆஃப் செய்கிறவர் ஏற்கெனவே பாதித் தூக்கத்தில் இருக்கிறார்.

‘சுபம்’ வேண்டாம். படம் முடிந்து எல்லோரும் எழுந்து போய்விடுகிற வார்த்தை அது. நம் வீடுகளில் படி இறங்குகிற யாராவது ‘போறேன்’ என்று சொன்னால் விடுவீர்களா? ‘போயிட்டு வர்றேன்’ என்று போடுங்கள். ரீஸ்டார்ட்டுக்கும் அதுவே பொருந்தும்.

கே: வங்கி ஆப், பணம் அனுப்பும் ஆப் எல்லாம் ரூட் செய்த ஃபோனில் ஓடுமா?
— கணக்குப்பிள்ளை, சிவகங்கை

ப: பல ஓடாது. கூகுளின் ‘ப்ளே இன்டெக்ரிட்டி’ சோதனை, பூட்டு திறந்திருக்கிறது என்று போட்டுக்கொடுத்துவிடும். ஏமாற்றும் வழிகள் வருகின்றன, அடைபடுகின்றன, மறுபடி வருகின்றன. ஒரு கோலத்துக்காக மாதம் இரண்டு ராத்திரி இந்தக் கண்ணாமூச்சி ஆட வயசு வேண்டும். என்னைக் கேட்டால், சம்பளம் வந்து விழுகிற ஃபோனில் கைவைக்காதீர்கள்.

கே: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் ஃபோனில் என்ன வருகிறது?
— சந்தேகப் பிராணி, காரைக்குடி

ப: கம்பெனிக்காரன் பெயர். கேஸ் சிலிண்டருக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறதே.

அப்பத்தாவின் கோலம் மேஜை டிராயரில் இருக்கிற பழைய ஃபோனில். சிம் கிடையாது, பேட்டரி கொஞ்சம் உப்பியிருக்கிறது. எப்போதாவது ஆன் செய்வேன். 41 இழை விரியும், சுடர் ஆடும். பதினேழாவது படத்தில் ஓரமாக ஒரு விரல் நுனி மாட்டிக்கொண்டிருக்கிறது, எடுக்கும்போது கவனிக்கவில்லை. வெட்டி எடுக்க இரண்டு நிமிஷ வேலை. அப்படியே விட்டுவிட்டேன்.